இரண்டு வாரம் சேவை செய்யப் போகிறவர்களுக்கு: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

இருபத்து மூன்று வயதில் வெளிநாட்டில் ஒரு மலையூர்ப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வாரம் தன்னார்வலராகப் போனேன். முதல் நாளே கையில் உப்புத்தாளைக் கொடுத்து வகுப்பறைச் சுவரைத் தேய்க்கச் சொன்னார்கள், மறுநாள் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று. தேய்க்கத் தேய்க்கப் பச்சை உதிர்ந்து அடியில் மஞ்சள் தெரிந்தது, மஞ்சளுக்கு அடியில் நீலம், அதற்கும் அடியில் இன்னொரு பச்சை. எதுவும் பழசாகி வெளுத்த பெயின்ட் கிடையாது. பக்கத்தில் நின்ற ஆசிரியையிடம் கேட்டேன். வருஷத்துக்கு நாலைந்து குழு வருகிறது, வருகிறவர்களுக்கு ஏதாவது வேலை கொடுத்தாக வேண்டும், கொடுப்பதற்குச் சுவர்தான் இருக்கிறது என்றார். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அந்த வருஷம் அந்தப் பள்ளியில் கணக்குக்கு ஆசிரியரே இல்லை என்பது எனக்குக் கடைசி நாளில்தான் தெரியவந்தது. நான் ஏஜென்சிக்குக் கட்டிய பணத்தில் ஒரு கணக்கு ஆசிரியருக்கு எத்தனை மாதம் சம்பளம் கொடுத்திருக்கலாம் என்று திரும்பி வரும்போது விமானத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊர் சுற்றுவதையும் சேவை செய்வதையும் ஒரே பயணத்தில் சேர்த்து, அதற்குப் பணமும் கட்டிப் போவதுதான் தன்னார்வச் சுற்றுலா. இது சின்ன விஷயம் இல்லை. 2008-ல் வந்த ஒரு மதிப்பீடே வருஷத்துக்கு 16 லட்சம் பேர் இப்படிப் போகிறார்கள் என்றது. போகிறவர்களில் பெரும்பாலோர் நல்ல மனசோடுதான் போகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல மனசு இருக்கிறது என்பதற்காகப் போகிற இடத்தில் நல்லது நடந்துவிடாது. சில இடங்களில் நல்லது நடக்கிறது, சில இடங்களில் ஒன்றுமே நடப்பதில்லை, சில இடங்களில் கெடுதலே நடக்கிறது. எது எந்த வகை என்று வீட்டில் உட்கார்ந்தபடியே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் இந்த ஒரு கேள்வி

நீங்கள் போகாவிட்டால் அந்த வேலையை யார் செய்வார்கள்? எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் முதலில் இதைக் கேளுங்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் கூலி வாங்கிக்கொண்டு செய்வார் என்பது பதிலானால், நீங்கள் போவதால் அவருடைய கூலிதான் போகிறது. யாருமே செய்ய மாட்டார்கள், அந்த வேலையே இருக்காது என்பது பதிலானால், அது உங்களுக்காக உண்டாக்கிய வேலை, என்னுடைய சுவரைப் போல. செய்யத் தெரிந்தவர் அங்கே இல்லை, அவர்களே கேட்டிருக்கிறார்கள், உங்களுக்கு அது தெரியும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

வீடு கட்டும் திட்டங்களில் இந்தக் கேள்விக்குப் பதில் பளிச்சென்று தெரியும். 1998-ல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைப் புரட்டிப் போட்ட பிறகு வட அமெரிக்காவிலிருந்து குழு குழுவாக ஆட்கள் வீடு கட்டிக்கொடுக்கப் போனார்கள். குர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் பின்னால் அங்கே போய் இரண்டு வகை வீட்டுக்காரர்களிடமும் பேசிப் பார்த்தார், வெளிநாட்டுக் குழு கட்டிக்கொடுத்த வீட்டில் இருப்பவர்கள், உள்ளூர் அமைப்பு கட்டிக்கொடுத்த வீட்டில் இருப்பவர்கள் என்று. அவருடைய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. உள்ளூர்க்காரர்கள் ஒரு வீட்டைச் சுமார் 2,000 டாலரில் கட்டி முடித்திருந்தார்கள். வெளிநாட்டுக் குழுவுக்குப் பயணச் செலவையும் சேர்த்தால் ஒரு வீட்டுக்குச் சராசரியாக 30,000 டாலர் ஆகியிருந்தது. சரி, செலவு கூடினாலும் வந்து பழகியதால் அந்தக் குடும்பங்களுக்கு ஏதாவது கூடுதல் நன்மை கிடைத்ததா என்று பார்த்தால், இரண்டு வகைக் குடும்பங்களுக்கும் இடையில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. ஒரு குழு வந்து போன பணத்தில் பதினைந்து வீடு எழும்பியிருக்கும், கூடவே உள்ளூர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் புயலுக்குப் பிறகு அவர்களுக்கு ரொம்பவே தேவைப்பட்ட கூலியும் கிடைத்திருக்கும்.

கட்டட வேலை கையில் பழகி வருகிற வேலை என்பதையும் நாம் யோசிப்பதில்லை. தூக்குக்குண்டு பிடித்துப் பழகாதவர் எழுப்பும் சுவர் கண்ணுக்கு நேராகத்தான் தெரியும், நாலாவது வரிசையில்தான் வெளியே தள்ளுவது தெரியும். தான்சானியாவில் ஒரு பள்ளி மாணவிகள் குழு பகலெல்லாம் வைத்த செங்கலை, அவர்கள் தூங்கிய பிறகு உள்ளூர் ஆட்கள் பிரித்து, சரியாக அடுக்கி, காலையில் ஒன்றும் நடக்காததுபோல விட்டுவைத்த கதையை அந்தக் குழுவில் இருந்த ஒரு பெண்ணே பின்னால் எழுதி, 2014-ல் அது பரவலாகப் படிக்கப்பட்டது. அந்த ஆட்களின் இடத்தில் இருந்து பாருங்கள். ஒரே வேலையை இரண்டு தடவை செய்திருக்கிறார்கள், அதில் ஒரு தடவை விருந்தாளியின் மனசு நோகக் கூடாது என்பதற்காக.

அனாதை இல்லத்துக்குப் போகாதீர்கள்

மற்ற எல்லாவற்றுக்கும் நிபந்தனைகள் சொல்லலாம், இதற்கு நிபந்தனையே கிடையாது. ஒரு நாள், ஒரு மணி நேரம், கூட்டத்தோடு கூட்டமாகப் பாட்டுப் பாடிவிட்டு வருவது, எதற்கும் போகாதீர்கள். இதைச் சொன்னால் நிறையப் பேருக்குக் கோபம் வருகிறது, குழந்தைகளிடம் அன்பு காட்டுவதில் என்ன தப்பு என்று கேட்கிறார்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கம்போடியாவில் 2005-ல் 154 இல்லங்கள் இருந்தன, 2010-ல் அது 269 ஆனது. அந்த ஐந்து வருஷத்தில் அங்கே அனாதைகள் கூடவில்லை, சுற்றுலாப் பயணிகள் கூடினார்கள். அந்த இல்லங்களில் இருந்த குழந்தைகளில் நாலில் மூன்று பேருக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது உயிரோடு இருந்தார் என்று யூனிசெஃப்பும் அந்நாட்டு அரசும் சேர்ந்து 2011-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. நேபாளத்தில் இல்லங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் ஐந்தே மாவட்டங்களில் குவிந்திருந்தன. காட்மாண்டு, லலித்பூர், பக்தபூர், சித்வன், பொக்கரா இருக்கும் காஸ்கி. ஐந்துமே சுற்றுலாப் பயணிகள் போகிற மாவட்டங்கள். தூரத்து மலை மாவட்டங்களில் உள்ள பெற்றோரிடம் தரகர்கள் போய், உன் பிள்ளையை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன் என்று சொல்லி, அதற்குப் பணமும் வாங்கிக்கொண்டு அழைத்து வந்தார்கள். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போர்க் காலத்தில் பிள்ளையைக் காப்பாற்றினால் போதும் என்று நினைத்த பெற்றோர் கொடுத்து அனுப்பினார்கள். அப்படி வந்த பிள்ளை இங்கே அனாதை ஆனது, சில சமயம் காகிதத்திலும்.

பார்க்க வருகிறவர்கள் பணம் கொடுக்கிறார்கள், பணம் வர வேண்டுமானால் குழந்தைகள் இருக்க வேண்டும், குழந்தைகள் பரிதாபமாகவும் இருக்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்டு நல்ல உடுப்புப் போட்ட பிள்ளைக்கு யார் நன்கொடை கொடுப்பார்கள்? எல்லா இல்லமும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆனால் வெளியிலிருந்து இரண்டு வாரம் போகிற உங்களால் எது எப்படி என்று பிரித்துப் பார்க்கவே முடியாது, நடத்துகிறவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும்.

நல்ல இல்லமாகவே இருக்கட்டும், அங்கேயும் ஒரு பிரச்சினை இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் நாலு வயசுப் பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும், மடியில் ஏறி உட்காரும், பெயர்கூடக் கேட்காது. எவ்வளவு பாசமான குழந்தை என்று நமக்குக் கண் கலங்கும். வீட்டில் வளரும் நாலு வயசுப் பிள்ளை புதிதாக வந்தவரைப் பார்த்தால் என்ன செய்யும் என்று யோசியுங்கள். அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கும். ஒளிந்துகொள்ள ஆள் இல்லாத பிள்ளைதான் யார் வந்தாலும் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு வாரம் ஒட்டிக்கொண்டவர் ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், அடுத்த திங்கட்கிழமை இன்னொருவர் வருவார். லிண்டா ரிக்டர், ஏமி நார்மன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆப்பிரிக்காவில் எய்ட்ஸில் பெற்றோரை இழந்த குழந்தைகளின் இல்லங்களுக்கு ஆட்கள் சுற்றுலா போல வந்து போவதைப் பற்றி 2010-லேயே இதே எச்சரிக்கையை விடுத்தார்கள். ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000-ல் தொடங்கிய ஆய்வில், இல்லங்களில் இருந்த 136 சின்னக் குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள், அதுவும் இரண்டு வயசுக்குள் போனவை, அறிவிலும் பாசத்திலும் நன்றாகத் தேறின. குழந்தைக்கு வேண்டியது மாறாமல் கூடவே இருக்கும் ஒரு ஆள். நாம் அந்த ஆளாக இருக்க முடியாது, திரும்பி வருகிற டிக்கெட் ஏற்கெனவே பையில் இருக்கிறது.

நாடுகளும் இதைப் புரிந்துகொண்டுவிட்டன. ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று 2017-ல் கொடுத்த அறிக்கை, குழந்தைகளை இப்படி இல்லங்களுக்குக் கடத்துவதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாகவே பார்த்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை குழந்தை உரிமைகள் பற்றி நிறைவேற்றிய தீர்மானத்தில் அனாதை இல்லச் சுற்றுலாவின் கெடுதலும் பேசப்பட்டது.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டேன், என்ன செய்வது என்றால், திட்டத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், ஏன் என்பதையும் எழுதுங்கள். மாற்ற மாட்டோம் என்றால் அந்தப் பணத்தை விட்டுவிடுங்கள், எனக்குத் தெரியும் அது எவ்வளவு கஷ்டம் என்று. குழந்தைகளுக்காகவே ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தால், குழந்தையைக் குடும்பத்திலேயே வைத்துக்கொள்ள உதவும் அமைப்புகள் இருக்கின்றன. பள்ளிக் கட்டணம், அம்மா வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பகல் நேரக் காப்பகம், பிரிந்த பிள்ளையை ஊர் தேடிச் சேர்ப்பது என்று. அவற்றுக்கு நீங்கள் நேரில் வர வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது, பணம் தேவைப்படும்.

பாடம் நடத்தப் போகிறவர்கள்

பள்ளிக்கூடத்துக்குப் போவது அந்த அளவுக்கு ஆபத்தில்லை, ஆனால் வீணாகப் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது. நான் போன பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் நிறங்களின் பெயரைப் பாட்டாகச் சொல்லிக்கொடுக்கத் தயாராகப் போனேன். முதல் வரியை ஆரம்பித்தேன், மீதியை அவர்களே பாடி முடித்துவிட்டார்கள், கையசைவோடு. எனக்கு முன்னால் வந்த எல்லோரும் அதே பாட்டைத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்கு அடுத்த பாடத்துக்கு யாருமே போகவில்லை, ஏனென்றால் யாருக்கும் முந்தினவர் எங்கே விட்டார் என்று தெரியாது, வகுப்பு ஆசிரியர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார், பாடப் புத்தகம் அப்படியே மூடிக்கிடந்தது.

ஆகவே வகுப்பை உங்கள் கையில் எடுத்துக்கொள்ளும் திட்டமானால் வேண்டாம். ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கேட்டதைச் செய்வது, உச்சரிப்புப் பயிற்சிக்குத் துணையாக இருப்பது, ஆசிரியர்களுக்கே ஏதாவது பயிற்சி கொடுப்பது என்றால் நீங்கள் போன பிறகும் அது அங்கே இருக்கும். முழுப் பாடமே நடத்த வேண்டும் என்று ஆசை இருந்தால் ஒரு பருவம் முழுக்கத் தங்குங்கள், அதற்குக் குறைந்து வேண்டாம். 1961-ல் தொடங்கிய, வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அமெரிக்க அரசின் பீஸ் கோர் அமைப்பு தன் ஆட்களுக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுத்து இரண்டு வருஷம் தங்க வைக்கிறது. மொழியும் ஊரும் பிடிபடவே அத்தனை மாதம் ஆகிறது என்பது அவர்கள் அனுபவம்.

மருத்துவம், விலங்குகள்

மருத்துவத்துக்கு ஒரே விதிதான். உங்கள் நாட்டில் உங்களைச் செய்ய விடாத எதையும் அங்கே செய்யாதீர்கள். தையல் போடுவது, ஊசி போடுவது, பிரசவம் பார்ப்பது எதுவானாலும் சரி. இரண்டாம் ஆண்டு மாணவரைக் கத்தி பிடிக்க விடுகிற திட்டம் அனுபவம் தருகிறோம் என்றுதான் விளம்பரம் செய்யும், அந்த அனுபவம் யாருடைய உடம்பில் கிடைக்கிறது என்று பாருங்கள். தகுதி பெற்ற மருத்துவராகவோ செவிலியராகவோ இருந்தால் அந்நாட்டில் பதிவு வேண்டுமா என்று விசாரியுங்கள். நீங்கள் கிளம்பிய பின் அந்த நோயாளிகளை யார் பார்ப்பார்கள் என்றும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஒரு வாரம் சர்க்கரை நோய் மாத்திரை கொடுத்துவிட்டு வந்தால் இரண்டாவது வாரம் அவர் என்ன செய்வார்?

விலங்குகள் விஷயத்தில் ஏமாறுவது ரொம்ப எளிது. தென்னாப்பிரிக்காவில் சிங்கக் குட்டிகளுக்குப் புட்டிப் பால் கொடுத்து வளர்க்கும் திட்டங்களுக்குப் பணம் கட்டிப் போகிறவர்கள் எவ்வளவோ பேர். தாய் இறந்துவிட்டது, தாய் ஒதுக்கிவிட்டது, வளர்த்துக் காட்டில் விடப் போகிறோம் என்று சொல்வார்கள். உண்மையில் பல இடங்களில் பிறந்த சில நாட்களிலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள், தாய் சீக்கிரம் அடுத்த ஈற்றுக்குத் தயாராகட்டும் என்று. மனிதர் கையில் வளர்ந்த சிங்கத்தைக் காட்டில் விட முடியாது, அது மனிதரைக் கண்டு பயப்படாது. கொஞ்சுகிற வயசு தாண்டியதும் கூட நடக்க விட்டுக் காசு பார்ப்பார்கள், அப்புறம் வேலிக்குள் வைத்துச் சுடும் வேட்டைக்கோ எலும்பு வியாபாரத்துக்கோ போகும். அந்நாட்டில் இப்படி அடைத்து வளர்க்கப்படும் சிங்கங்கள் 8,000-க்கு மேல் என்று கணக்கிடப்பட்டது. 2021-ல் அரசே இந்த வளர்ப்பை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. விலங்கைத் தொடலாம், தூக்கலாம், படம் எடுக்கலாம் என்று எந்தத் திட்டம் சொன்னாலும் அதை விட்டுவிடுங்கள். கடற்கரையில் ஆமை முட்டை எண்ணுவது, பறவை கணக்கெடுப்பது, களைச்செடி பிடுங்குவது மாதிரியான சலிப்பான வேலை என்றால் அது உண்மையான வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அமைப்பை எப்படிச் சோதிப்பது

அவர்கள் உங்களை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதை வைத்தே பாதி தெரிந்துவிடும். விண்ணப்பம் போட்ட பத்தாவது நிமிஷத்தில் கார்டு எண்ணைக் கேட்கிற இடம் சரியில்லை. உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்க வேண்டும், நேர்காணல் வைக்க வேண்டும், பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உங்களிடம் மட்டும் கேட்கவில்லை என்று அர்த்தமில்லை, உங்களுக்கு முன் வந்த யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம் நீங்கள் கேளுங்கள், மெயிலிலேயே கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கட்டும். நான் கட்டும் தொகையில் எவ்வளவு அந்த ஊருக்குப் போகிறது, எவ்வளவு உங்கள் அலுவலகத்துக்கு? இந்த வேலையை வேண்டும் என்று கேட்டது ஊரில் யார்? இதற்குச் சம்பளத்துக்கு உள்ளூர் ஆள் கிடைக்கவில்லையா? எனக்கு முன் வந்தவர் என்ன செய்து முடித்தார், எனக்குப் பின் வருபவர் என்ன செய்வார்? எத்தனை வருஷத்தில் இந்தத் திட்டத்துக்கு வெளியாட்களே தேவைப்படாமல் போகும்? கடைசிக் கேள்விக்கு நேர்மையான பதில் வைத்திருக்கும் அமைப்பை நான் ரொம்பவே நம்புவேன். தன்னார்வலர்களை அனுப்பும் அமைப்புகளுக்கென்று 2019-ல் ஓர் உலகத் தரநெறியே வந்திருக்கிறது, அதைப் பின்பற்றுகிறீர்களா என்றும் கேட்கலாம்.

விசாவை மறக்காதீர்கள். பல நாடுகளில் சம்பளம் வாங்காத வேலையும் வேலைதான், நேபாளத்தில் டூரிஸ்ட் விசாவை வைத்துக்கொண்டு தன்னார்வப் பணி செய்வது சட்டப்படி தப்பு. டூரிஸ்ட் விசாவிலேயே வாருங்கள், கேட்டால் ஊர் பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள் என்று ஒரு ஏஜென்சி சொன்னால், சட்டத்தை அவ்வளவு லேசாக எடுத்துக்கொள்பவர்கள் மற்ற விஷயங்களையும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அங்கே இருக்கும்போது

வந்தவர்களைப் பார்த்துக்கொள்வது ஒரு வேலை, அது யாரோ ஒருவர் தலையில் விழுகிறது. மொழிபெயர்ப்பது, அழைத்துப் போவது, வயிற்றுப்போக்கு வந்தால் மருந்து வாங்கி வருவது, எட்டுப் பேருக்குக் கூடுதலாகச் சமைப்பது, தண்ணீர் எடுப்பது. தங்கும் வீட்டுக்கு இதனால் வருமானம் வந்தால் அது நல்ல விஷயம், தன்னார்வச் சுற்றுலாவில் ஊருக்கு நேராகக் கிடைக்கும் பலன்களில் இதுதான் முதலாவது என்றே சொல்வேன். ஆனால் பணம் அந்த வீட்டுக்குத்தான் போகிறதா, அதிலும் அடுப்படியில் நிற்பவருக்குப் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தட்டை நீங்கள் கழுவுங்கள், கழுவ விட மாட்டார்கள், இருந்தாலும் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு மிட்டாயும் பேனாவும் கையில் கொடுக்காதீர்கள். ஒரு முறை கொடுத்தால் அடுத்த வண்டிச் சத்தம் கேட்டதும் வகுப்பிலிருந்து ஓடி வருவார்கள், கேட்டு வாங்குவது பழக்கமாகும், எந்தப் பிள்ளை அதிகம் சம்பாதிக்கிறது என்று வீட்டிலும் கவனிக்க ஆரம்பிப்பார்கள். கொடுக்க வேண்டும் என்று இருந்தால் என்ன தேவை என்று பள்ளியில் கேட்டு, அந்த ஊரிலேயே வாங்கி, ஆசிரியர் கையில் கொடுங்கள், அவர் கொடுக்கட்டும். திரும்ப வருவேன் என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். நீங்கள் மறந்துவிடுவீர்கள், அது நாள் எண்ணிக்கொண்டிருக்கும்.

போட்டோ விஷயத்தில் நோர்வே மாணவர் அமைப்பான சாய் 2017-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. படத்தில் இருப்பவர்களின் மரியாதை குறையாமல் இருக்கிறதா, புரிந்து சம்மதித்தார்களா, எதற்காக இதைப் போடுகிறேன், பழைய பரிதாபக் கதையையே திரும்பச் சொல்கிறேனா என்பவை அதன் சாரம். எனக்கு இன்னும் எளிதாக ஒரு அளவுகோல் உண்டு. என் அண்ணன் பிள்ளையை, மூக்கு ஒழுகிக்கொண்டு கிழிந்த சட்டையோடு இருக்கும்போது, பெயர் தெரியாத ஒருவர் தூக்கி வைத்துப் படமெடுத்து ஊரெல்லாம் பார்க்கப் போட்டால் நான் சும்மா இருப்பேனா? இருக்க மாட்டேன் என்றால் அந்தப் படத்தை எடுக்கவே கூடாது.

போய் வருகிறவருக்கு என்ன ஆகிறது

என் வாழ்க்கையே மாறிவிட்டது என்று வந்தவர்கள் எல்லோரும் சொல்வோம், நானும் சொன்னேன், பொய்யில்லை. ஆனால் அந்த ஹோண்டுராஸ் ஆய்வில் வெர் பீக் போய் வந்தவர்களையும் விசாரித்தார். இப்போது முன்னைவிட அதிகம் உதவுகிறேன் என்று பலர் சொன்னார்கள், அனுப்பிவைத்த அமைப்பின் நன்கொடைக் கணக்கைப் பார்த்தால் பெரிதாக ஏறவே இல்லை. உணர்ச்சி சீக்கிரம் ஆறிவிடும். ஆகையால் திரும்பி வந்த முதல் வாரத்திலேயே, மனசு சூடாக இருக்கும்போதே, மாதம் இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகையைத் தானாகவே போகும்படி வங்கியில் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் நுட்பமானது. ஏழைகளாக இருந்தாலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருகிறோம். இரண்டு வாரத்தில் விருந்தாளி முன்னால் சிரித்தவர்களைத்தான் நாம் பார்த்தோம், கடன்காரர் வந்த ராத்திரியைப் பார்க்கவில்லை. அந்த வாக்கியம் வாயில் வரும்போது நிறுத்தி, அந்த ஊரில் பள்ளிக்கு ஏன் ஆசிரியர் இல்லை, ரோடு ஏன் இல்லை, அதற்கு யார் பொறுப்பு என்று படிக்க ஆரம்பியுங்கள். பயணத்தால் உங்களுக்குள் உண்மையாகவே மாற்றம் வருகிறதென்றால் அது இந்த இடத்தில்தான் தொடங்கும். நான் அதைத் தொடங்க மூன்று வருஷம் ஆனது. பேரிடர் நடந்த இடங்களுக்குப் போகிறவர்கள் தூக்கம் கெட்டு, குற்ற உணர்ச்சியோடு வருவதும் உண்டு, அதை மனசிலேயே வைத்துக்கொள்ளாமல் மனநல ஆலோசகரிடம் பேசுங்கள்.

போகாமலும் இருக்கலாம். 1968-ல் இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர் மெக்சிகோவில் அமெரிக்க மாணவர்களிடம் நேருக்கு நேராகவே சொன்னார், பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்கிறேன் என்று மட்டும் வராதீர்கள் என்று. அவர் அளவுக்கு நான் கறாராக இல்லை. ஆனால் சாதாரணப் பயணியாகப் போய், உள்ளூர்க்காரர் நடத்தும் விடுதியில் தங்கி, உள்ளூர் வழிகாட்டிக்கு நியாயமான கூலி கொடுத்து வருவது ஒரு மட்டமான பயணம் கிடையாது, அந்தப் பணம் நேராக ஊருக்குள் போகிறது. கணக்கு எழுதத் தெரியும், மொழிபெயர்க்கத் தெரியும், இணையதளம் செய்யத் தெரியும் என்றால் ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு 2000-லிருந்தே இணையவழிப் பணிகளுக்கு ஆட்களைச் சேர்க்கிறது, வீட்டிலிருந்தே செய்யலாம்.

இன்னமும் நேரில் போக வேண்டும் என்று தோன்றினால், ஏஜென்சியை விட்டுவிட்டு அந்தப் பள்ளிக்கோ அமைப்புக்கோ நேராக ஒரு மெயில் போடுங்கள். இந்தப் பயணத்துக்கு எனக்கு மொத்தம் இவ்வளவு செலவாகும், எனக்குத் தெரிந்த வேலைகள் இவை, நான் வருவது உங்களுக்கு உதவியா, அந்தப் பணத்தை அனுப்புவது உதவியா, வெளிப்படையாகச் சொல்லுங்கள், எதைச் சொன்னாலும் வருத்தப்பட மாட்டேன் என்று எழுதுங்கள். தயங்கித் தயங்கித்தான் பதில் எழுதுவார்கள், இரண்டாவது முறையும் கேளுங்கள். சுவரைத் தேய்த்துவிட்டு வந்த சில வருஷம் கழித்து அதே பள்ளிக்கு நானும் இப்படி எழுதினேன், ஒரு மாதம் கழித்து அந்த ஆசிரியையிடமிருந்து பதில் வந்தது. பணத்தை அனுப்புங்கள், கணக்குக்கு ஆள் பார்த்து வைத்திருக்கிறோம். ஜூலையில் பிள்ளைகளுக்கு விடுமுறை, அப்போது வந்தால் கம்ப்யூட்டரில் மதிப்பெண் பட்டியல் போடுவது எப்படி என்று எங்கள் ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள், அதற்கு மூன்று நாள் போதும்.